கதவில் ஓடாத மோட்டார்

அந்தப் பிக்கப் வண்டியை ஞாயிற்றுக்கிழமைக்குள் விற்றே தீருவது என்று நிபுணர் முடிவெடுத்தார். முடிவெடுப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். எடுத்த முடிவைக் கரையேற்றுவதுதான் எப்போதும் அவர் மனைவியின் தலையில் விழும்.

நிபுணர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, தெரு வைத்த பெயர். வீட்டில் எது பழுதானாலும் வெளியாளைக் கூப்பிட விடமாட்டார். தானே கழற்றுவார். கழற்றுவதில் அவரைக் குறை சொல்ல முடியாது. திரும்ப மாட்டுவதில்தான் சிக்கல். வாசல் மணியை அவர் சரிசெய்த நாளிலிருந்து குளியலறை விளக்கைப் போட்டால் மணி அடிக்கிறது. முதலில் சில நாள் அவர் குளிக்கப் போகும்போதெல்லாம் மனைவி கதவைத் திறக்க ஓடினாள். இப்போது யார் வந்து மணியடித்தாலும் அவர் குளிக்கிறார் என்று இருந்துவிடுகிறாள். சுவர்க் கடிகாரம் அவர் கைபட்ட பிறகு படுக்க வைத்தால் மட்டும் ஓடுகிறது. அதனால் அது இப்போது மேஜைக் கடிகாரம்.

இத்தனை திறமையும் வைத்துக்கொண்டு மனிதர் பார்க்கும் வேலை என்ன தெரியுமா? வீட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு நிறுவனத்தில் புகார் பிரிவு அதிகாரி. சலவை இயந்திரம் சுற்றவில்லை, குளிர்பெட்டி குளிரவில்லை என்று ஊரார் போனில் அழுவார்கள். இவர் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். "முதல்ல சுவிட்ச் போட்டிருக்கீங்களான்னு பாருங்க." அதற்கும் மசியாதவர்களுக்கு இன்னொன்று இருந்தது. "நீங்க பயன்படுத்துற விதத்துலதான் தப்பு." ஒரு பெண்மணி பிளக்கைச் சொருகாமலேயே மூன்று நாள் புகார் செய்த கதையை அவர் எந்த விசேஷ வீட்டிலும் சொல்லாமல் விட்டதில்லை. சொல்லி முடித்துவிட்டு அவரே சிரிப்பார். வேறு யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை.

பிக்கப் மேல் அவருக்கு என்ன கோபம் என்றால், அது அவரைச் சரக்காக்கிவிட்டது. மனைவி திரைச்சீலை தைப்பவள். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, துணி வெட்டித் தைத்து, கம்பியோடு கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பாள். வண்டியை ஓட்டுவதும் அவள்தான். பிக்கப்பின் ஓட்டுநர் இருக்கையில் உட்காருவது தன் தகுதிக்குக் குறைவு என்று நிபுணர் அந்தப் பக்கம் ஏறியதே இல்லை. காலையில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அலுவலகத்தில் இறக்கிவிட்டு, அவள் தன் வேலையைப் பார்க்கப் போவாள். அலுவலக வாசலில் நிற்கும் காவலாளி பிக்கப்பைக் கண்டதும் கையை நீட்டிப் பின்பக்கம் காட்டுவார். சரக்கு வண்டிகள் எல்லாம் பின் கேட். நிபுணர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, தான் ஓர் அதிகாரி என்று தினமும் எடுத்துச் சொல்ல வேண்டும். காவலாளி பின்னால் கிடக்கும் துணி மூட்டையையும் கம்பிகளையும் பார்ப்பார், முன்னால் நீண்டிருக்கும் தலையையும் பார்ப்பார். பெரிய வித்தியாசம் எதுவும் அவருக்குத் தெரிந்ததில்லை.

ஆகவே பிக்கப்பை விற்றுவிட்டு, அழகாக ஒரு சின்னக் கார். முன் கேட்டில் நுழைந்து, முன் கேட்டில் வெளியே வருவது. இதுதான் திட்டம்.

மனைவி ஒரே ஒரு தடவைதான் மறுத்துப் பேசினாள். திரைச்சீலைக் கம்பி ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், சின்னக் காரில் அதை எப்படி ஏற்றுவது என்று கேட்டாள். தனியாக ஒரு வண்டி பேசி அனுப்பிக்கொள் என்றார் இவர். வருகிற கூலி வண்டி வாடகைக்கே போய்விடும் என்றாள். பிறகு சொன்னாள்.

"வண்டி போச்சுன்னா என் தொழில் போச்சுங்க. மறுபடியும் அந்தத் துணிக்கடைக்காரி முன்னால போய்க் குனிஞ்சு உக்காந்து கூலிக்குத் தைக்கணும். என்னால முடியாது."

"வண்டி யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார் நிபுணர்.

வண்டி அவர் பேரில் இருந்தது. தவணை முழுவதையும் கட்டியது ஊரார் ஜன்னல்களில் தொங்கும் அவளுடைய திரைச்சீலைகள். ஆனால் பேர் என்னவோ அவர் பேர்தான். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. நிபுணரின் அகராதியில் மனைவியின் மௌனத்துக்கு ஒரே பொருள்தான். சம்மதம்.

அது உண்மையிலேயே சம்மதம்தான் என்று வியாழக்கிழமை மாலை அவருக்கு நிச்சயமானது. வீட்டுக்கு வந்து பார்த்தால் வண்டி மணப்பெண் மாதிரி நிற்கிறது. இருக்கைகளுக்கு நீல நிற உறை. ஸ்டியரிங்குக்கு உறை. இரண்டு கதவிலும் முழங்கையை வைத்துக்கொள்ளும் இடத்துக்குக்கூட எலாஸ்டிக் கோத்த உறை, கண்ணாடி ஏற்றி இறக்கும் பொத்தான்களுக்கு மட்டும் அளவாக வெட்டிவிட்ட துவாரம். அந்த வீட்டில் ரிமோட்டுக்கும் உறை உண்டு, சமையல் சிலிண்டருக்கும் உறை உண்டு என்பதால் இதில் அவருக்கு அதிசயம் ஒன்றும் தெரியவில்லை.

"வாங்க வர்றவர் கண்ணுக்கு நல்லா இருக்க வேணாமா?" என்றாள் மனைவி.

நிபுணருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மதில் சுவர் ஓரமாகப் போய்ப் பக்கத்து வீட்டுக் குமாஸ்தாவைக் கூப்பிட்டார். அவர் நீதிமன்றத்தில் முப்பது வருஷம் மற்றவர்கள் சொன்ன சாட்சியத்தை எழுதி எழுதி ஓய்வுபெற்றவர். இப்போது எழுத வேலை இல்லாததால் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். பெண்களிடம் பேச வேண்டிய விதத்தில் பேசினால் கேட்டுக்கொள்வார்கள் என்று அவருக்கு நிபுணர் பாடம் எடுத்தார். குமாஸ்தா எட்டி வண்டியைப் பார்த்தார், நிபுணரைப் பார்த்தார், நல்ல தையல் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை அலுவலக வாசலில் வினை முளைத்தது. நிபுணர் வழக்கம்போலப் பொத்தானை அழுத்தினார். கண்ணாடி இறங்கவில்லை. ஓங்கி அழுத்தினார். அசையவில்லை. உள்ளேயிருந்தே வாயை அகலத் திறந்து தான் அதிகாரி என்று கத்தினார். காவலாளிக்கு ஒரு வாய் அசைவதுதான் தெரிந்தது. வண்டி பின் கேட்டுக்குப் போனது. ஐந்து வருஷத்தில் முதல்முறையாக நிபுணர் மறுப்புத் தெரிவிக்காமல் சரக்கோடு சரக்காக இறங்கினார்.

மாலையில் மனைவி தன் பக்கத்துப் பொத்தானை அழுத்திக் காட்டினாள். அவள் கண்ணாடி ஏறி இறங்கியது. அவர் கண்ணாடியை அங்கேயிருந்து அழுத்தினாலும் மசியவில்லை.

"மோட்டார் போயிடுச்சு," என்றார் நிபுணர், நாடி பிடித்த வைத்தியர் தோரணையில்.

அப்போதுதான் அந்த வீட்டில் சொல்லவே கூடாத வாக்கியத்தை அவள் சொன்னாள். "மெக்கானிக்கைக் கூப்பிடலாமா?"

கேட்ட மாத்திரத்தில் நிபுணரின் சட்டைக் கை தானாக மேலே சுருண்டது. ஒரு மோட்டாரை மாற்ற மெக்கானிக்கா? இருப்பது நாலு ஸ்க்ரூ, மூன்று போல்ட். போனில் வீடியோவைப் பார்த்தார். அதில் ஒரு மொட்டைத் தலையர் பேசிக்கொண்டே பத்து நிமிஷத்தில் மாற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். மொட்டைத் தலையரே செய்யும்போது, தலையில் முடியுள்ள தன்னால் செய்ய முடியாதா என்பது நிபுணரின் தர்க்கம்.

வேலையைத் தள்ளிப்போடவும் வழியில்லை. ஞாயிறு மாலை வண்டி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தவர் ஒரு மீன்தொட்டிக்காரர். கண்ணாடித் தொட்டி செய்து கடைகளுக்கு ஏற்றிப்போக அவருக்குப் பிக்கப் வேண்டும். இன்ஜினில் கோளாறு இருந்தால்கூட அவரை ஏய்த்துவிடலாம். பிழைப்பே கண்ணாடி என்று இருக்கிறவரைக் கண்ணாடி விஷயத்தில் ஏய்க்க முடியுமா?

சனிக்கிழமை உதிரிபாகக் கடையில் புது மோட்டார் வாங்கினார். கடைக்காரர் பேட்டரிக் கம்பி இரண்டை அதில் தொட்டு ஓட்டிக் காட்டினார். பழைய மோட்டாரையும் கழற்றிக் கொண்டுவந்தால் சோதித்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். செத்ததைச் சோதிக்க எதற்கு வீண் வேலை என்று நிபுணர் நகைத்துவிட்டு வந்தார்.

ஞாயிறு காலை திருப்பணி ஆரம்பமானது. கதவின் உட்புறம் மூடியிருக்கும் பலகையை, டோர் பேட் என்பார்களே, அதை எடுக்க வேண்டும். நீல உறையை உருவிப் போட்டார். ஸ்க்ரூக்களைக் கழற்றினார். பலகை வரவில்லை. வீடியோவில் மெல்ல நெம்பச் சொல்லியிருந்தார்கள். நிபுணர் ஒரு காலைக் கதவில் ஊன்றி இழுத்தார். பலகையைப் பிடித்துவைத்திருந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் பட்பட்டென்று தெறித்து ஓடின. ஒன்று போய்க் குமாஸ்தாவின் தேநீரில் விழுந்தது.

"என்ன சார், பிரேதப் பரிசோதனையா?" என்றார் குமாஸ்தா, கிளிப்பை எடுத்துச் சுவர்மேல் வைத்துவிட்டு.

நிபுணர் ஸ்பேனரை எடுத்துப் போல்ட்டுகளுக்குப் போனார். கண்ணாடி விழாமல் முதலில் மேலே டேப் போட்டு ஒட்ட வேண்டும் என்று மொட்டைத் தலையர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அந்த இடம் வரும்போது இவர் வீடியோவை வேகமாக ஓட்டித் தாண்டிவிட்டார். மூன்றாவது போல்ட்டைக் கழற்றியதும் கண்ணாடி கதவின் வயிற்றுக்குள் சொய்யென்று இறங்கியது. பொத்தானுக்கு இறங்காத கண்ணாடி போல்ட்டுக்கு இறங்கியதில் அவருக்குத் திகைப்பு. கையை விட்டுத் தேடினார். முழங்கை வரை சிராய்ப்பு. மனைவி வந்து உள்ளே கையை விட்டாள், கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தாள். துணி பிடித்துப் பழகிய கை, அலுங்காமல் பிடித்தது.

ஒருவழியாகப் புது மோட்டார் உள்ளே போனது. கண்ணாடி அதன் இடத்தில் நின்றது. நிபுணர் நெற்றி வியர்வையை வழித்துவிட்டு மனைவியை ஓட்டுநர் பக்கம் உட்காரச் சொன்னார். சாவியைத் திருப்பி, முதலில் அங்கேயிருந்தே சோதிக்கலாம் என்றார்.

"அழுத்து."

"அழுத்திட்டேங்க."

"அழுத்திக்கிட்டே இரு."

"அழுத்திக்கிட்டேதான் இருக்கேன்."

"இஸ்திரி போடற மாதிரி அழுத்தாதே. ஒழுங்கா அழுத்து."

"எப்படிங்க அழுத்தணும்?"

"நம்பிக்கையோட அழுத்து."

அவள் நம்பிக்கையோடு அழுத்தினாள். கண்ணாடி அசையவில்லை. இவர் பலகையோடு வயரில் தொங்கிய தன் பக்கத்துப் பொத்தானை நம்பிக்கையில்லாமல் அழுத்தினார், கோபத்தோடு அழுத்தினார், கடைக்காரரின் வம்சத்தைச் சொல்லி அழுத்தினார். புது மோட்டாரும் செத்த மோட்டார் என்று தீர்ப்பு எழுதினார். உடனே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டார். கடைக்காரர் அதை வாங்கி இரண்டு கம்பியைத் தொட்டார். மோட்டார் உற்சாகமாகச் சுழன்றது.

"மோட்டார் நல்லா இருக்கு சார். நீங்க பயன்படுத்துற விதத்துலதான் தப்பு இருக்கும்," என்றார் கடைக்காரர்.

எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது நிபுணருக்கு. எங்கே என்று யோசிக்க நேரமில்லாமல் வீட்டுக்கு ஓடிவந்தார். மறுபடியும் மாட்டினார். மறுபடியும் அழுத்தினார்கள். மறுபடியும் அது படுத்தே கிடந்தது.

"கடையில ஓடுது, கதவுல ஓடலை," என்று புலம்பினார்.

"வெளியில புலி, வீட்டுல எலி," என்றார் குமாஸ்தா. "அதுவும் உங்களை மாதிரிதான் சார்."

நிபுணர் ஃபியூஸ்களைப் பிடுங்கினார். எல்லாம் நன்றாக இருந்தன. பிடுங்கியதைத் திரும்பச் சொருகும்போது எது எந்தத் துவாரம் என்பது மறந்துவிட்டது. ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஆடியது. மனைவி வந்து, மூடியின் உட்புறம் அச்சிட்டிருந்த படத்தைப் பார்த்து ஒவ்வொன்றையும் இடம் மாற்றிச் சொருகினாள். வண்டி பழையபடி ஆனது, கண்ணாடியைத் தவிர. இனி வயரிங்தான் என்று கதவுக்குள்ளிருந்து வயர்களைக் கழற்றாமலேயே இழுத்து வெளியே தொங்கவிட்டார். வெட்டிப் பார்ப்போமா என்று கத்தரிக்கோலை எடுத்தவரின் கையிலிருந்து அதை மட்டும் மனைவி வாங்கிக்கொண்டாள்.

"இது துணி வெட்டுற கத்திரிங்க. முனை போயிடும்," என்றாள்.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. மணி அடித்தால் அவர் குளிக்கிறார் என்றே பழகிவிட்ட மனைவிக்கு, அவர் எதிரிலேயே நிற்கிறார் என்பது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. வந்தவர் மீன்தொட்டிக்காரர்.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றினார். நீல உறைகளைத் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். நிபுணருக்கு உயிர் வந்தது. பிறகு இந்தப் பக்கம் வந்தார். கதவு தோலுரிந்து நின்றது. வயர்கள் குடல் சரிந்து தொங்கின. தரையில் கிளிப் துண்டுகள், மூன்று ஸ்பேனர், ஒரு பழைய மோட்டார். அவர் கண்ணாடியை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். பொத்தானை அழுத்தினார். நிபுணரின் முகத்தைப் பார்த்தார்.

சின்ன வேலைதான், அரை மணியில் முடிந்துவிடும் என்றார் நிபுணர்.

"யாரு செய்யறது?" என்று கேட்டார் மீன்தொட்டிக்காரர்.

"நான்தான்."

"இதுக்கு முன்னாடி இந்த வண்டியில என்னென்ன வேலை செஞ்சிருக்கீங்க?"

எதையும் செய்ததில்லை என்று சொன்னால் பிழைத்திருப்பார். நிபுணருக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. எல்லா வேலையும் தானே செய்வதாகப் பெருமையோடு சொன்னார். வீட்டில்கூட வெளியாளை விடுவதில்லை என்று சேர்த்துக்கொண்டார். மீன்தொட்டிக்காரருக்கு அதுவே போதுமாக இருந்தது. மீன்களை வைத்துப் பிழைப்பவர் தூண்டிலைப் பார்த்ததும் தெரிந்துகொண்டுவிட்டார். வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி விறுவிறுவென்று நடந்தார்.

நிபுணர் தலைகீழாகக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார். முகத்தில் கிரீஸ், முழங்கையில் சிராய்ப்பு, நாளைக் காலை மறுபடியும் பின் கேட். அவமானம் எரிச்சலாகக் கிளம்பியது. அந்த எரிச்சலில்தான் மனிதர்கள் வாயை விடுவார்கள். இவரும் விட்டார்.

"இனிமே இந்தச் சனியன் எனக்கு வேண்டாம். இந்தக் கண்ணாடியை யார் இறக்குறாங்களோ, வண்டியை அவங்களே வெச்சுக்கட்டும்."

"யாரா இருந்தாலுமா?" என்று கேட்டாள் மனைவி.

"யாரா இருந்தாலும். மெக்கானிக்கா இருந்தாலும் சரி." பிறகு அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். "ஏன், நீயா இருந்தாலும் சரி."

"பேர் மாத்திக் குடுப்பீங்களா?"

"நாளைக்கே மாத்தித் தர்றேன். குமாஸ்தா சார் சாட்சி."

குமாஸ்தா தேநீர் கோப்பையைச் சுவர்மேல் வைத்தார். சட்டைக் காலரை நேராக்கிக்கொண்டார். முப்பது வருஷம் எழுதிய மனிதரை முதல்முறையாக ஒருவர் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார். "என் காதால கேட்டேன்," என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு மறுபக்கம் போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். சாவியைத் திருப்பினாள். தன் கதவில் முழங்கை வைக்கும் இடத்தில் இருந்த நீல உறையின் ஓரத்தை, தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பவள் போல, ஒற்றை விரலால் தூக்கினாள். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

"இப்ப அழுத்துங்க," என்றாள்.

நிபுணர் அழுத்தினார். கண்ணாடி முணுமுணுப்பே இல்லாமல் இறங்கியது. அழுத்தினார், ஏறியது. வாயைத் திறந்தபடி இன்னொரு முறை இறக்கி ஏற்றினார். பிறகு வாளியைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபக்கம் ஓடினார்.

நீல உறைக்கு அடியில், அவர் ஏறியே பார்த்திராத அந்தப் பக்கத்தில், துவாரம் வெட்டாமல் விட்ட இடத்தில், ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அதன்மேல் கோடு போட்டு அடித்த ஜன்னல் படம். குழந்தைகள் கண்ணாடியோடு விளையாடாமல் இருக்க வண்டி செய்தவன் வைத்தது. ஓட்டுகிறவர் அதை அழுத்தி வைத்தால் பக்கத்துக் கண்ணாடி எந்தப் பொத்தானுக்கும் அசையாது.

"இது எப்பலேர்ந்து இருக்கு?" என்றார் நிபுணர்.

"வண்டி வாங்கின நாள்லேர்ந்து இருக்குங்க."

"இதை யாரு அழுத்தி வெச்சது?"

அவள் உறையை இழுத்துச் சமமாக மாட்டினாள். சுருக்கம் இல்லாமல் உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"முதல்ல சுவிட்ச் போட்டிருக்கான்னு பாக்கணும்னு ஊருக்கெல்லாம் நீங்கதானே சொல்றீங்க," என்றாள்.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் குமாஸ்தா சிரித்தார். நிபுணர் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த அந்த பிளக் கதைக்கு வந்துசேராத சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது மாதிரி சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, பேர் மாற்றும் மனுவை எப்படி எழுதுவது என்று தனக்குத் தெரியும் என்றும், காலையிலேயே எழுதிக்கொண்டு வருவதாகவும் சொன்னார்.

நாளைக்கு ஒரு விடுதியில் பதினாறு ஜன்னலுக்குக் கம்பி மாட்ட வேண்டும், அதற்குள் கதவைப் பழையபடி மூடிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு மனைவி வண்டியிலிருந்து இறங்கினாள். துணிக்கடைக்காரியிடம் இனிப் போக வேண்டியதில்லை என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

நிபுணர் குனிந்து தரையில் கிடந்த ஸ்பேனர்களைப் பொறுக்கினார். உடைந்த கிளிப்புகளைப் பொறுக்கினார். கடைசியாகப் பழைய மோட்டாரை எடுத்து, இருந்த ஆத்திரத்தையெல்லாம் கையில் திரட்டி, குப்பைத் தொட்டியைக் குறிபார்த்து ஓங்கினார்.

"அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க," என்றாள் மனைவி, படியேறிக்கொண்டே. "அதுக்கு ஒண்ணும் ஆகலை."